பண்ணையில் தேங்கிய வேலைகள்: எதை முதலில் முடிப்பது?

பயிர் செய்பவருக்கு வேலை என்றுமே முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை. ஒரு பட்டம் முடியுமுன் அடுத்த பட்டத்திற்கு ஏர் பூட்ட வேண்டியிருக்கிறது. இடையில் மாடு கன்று ஈனுகிறது, மோட்டார் பழுதாகிறது, வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது, திருமணமும் திருவிழாவும் வருகின்றன. இவற்றுக்கிடையே 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிய வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. பாதி வெட்டிய எருக்குழி, கம்பி கட்டாமல் நிற்கும் வேலிக்கல், ஒழுகும் மாட்டுக்கொட்டகை, எலி வளை அடைக்காத வரப்பு என்று ஒவ்வொரு பண்ணையிலும் நாலைந்து வேலைகளாவது இப்படி நிற்கும்.

இது சோம்பலால் வருவதன்று. கை இரண்டு, வேலை பத்து என்பதால் வருவது. ஆனால் பத்து வேலைகளில் எதை முதலில் எடுப்பது என்பதில்தான் இலாபமும் நஷ்டமும் இருக்கின்றன. நம்மில் பலர் கண்ணுக்கு எதிரே நிற்கும் வேலையையோ, அக்கம்பக்கத்தார் கேலி பேசும் வேலையையோ முதலில் எடுக்கிறோம். ஓசையின்றி நஷ்டத்தை வளர்க்கும் வேலை கொல்லையில் கிடக்கிறது. ஒவ்வொரு வேலையையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: 'இதை இன்னும் ஒரு மாதம் தள்ளினால் என்ன ஆகும்?' இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையே வேலைகளின் வரிசையை முடிவு செய்யும்.

முதலில் கணக்கு எடுங்கள்

ஒரு நாள் காலையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் பண்ணையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தண்ணீர் எடுப்பது, தீவனம் போடுவது, தானியம் காய வைப்பது போன்ற வேலைகளில் எது நின்றுபோயிருக்கிறது என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரியும். முடியாத வேலை ஒவ்வொன்றையும், சிறியதானாலும், எழுதுங்கள். அதன் எதிரே இரண்டு குறிப்புகள் வேண்டும். ஒன்று, தள்ளினால் என்ன ஆகும். மற்றொன்று, இந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது.

இரண்டாவது குறிப்பு மிக முக்கியமானது. 'பணம் இல்லை' என்றே எல்லாவற்றுக்கும் எழுதிவிடாதீர்கள். எழுதிப் பார்த்தால், கொட்டகை ஒழுகுவது பணத்துக்காக அன்று, நாலு ஓட்டுக்காகக் காத்திருப்பது தெரியவரும். வேலி நிற்பது பங்காளி ஒருவரின் சம்மதத்துக்காக இருக்கும். வாய்க்கால் தூர் வாராமல் கிடப்பது ஒரே நாளில் நாலு ஆள் கிடைக்காததால் இருக்கும். பணத்துக்காகக் காத்திருக்கும் வேலைக்குச் சேமிப்போ கடனோ வேண்டும். ஆளுக்காகக் காத்திருக்கும் வேலைக்கு, பக்கத்து நிலத்துக்காரரும் நீங்களும் ஒருவருக்கொருவர் ஆள் மாற்றிச் செய்துகொள்வது வழி. சம்மதத்துக்காகக் காத்திருக்கும் வேலைக்கு ஒரு மாலை நேரப் பேச்சே போதும். காரணம் இன்னதென்று தெரியாத வேலைதான் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

கணக்கு எடுத்தபின் வேலைகளை ஐந்து வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. உயிருக்கு ஆபத்தானவை

இவற்றை அன்றே முடிக்க வேண்டும். மற்ற எந்த வேலையும் இவற்றுக்குப் பிறகுதான்.

பயன்படாத ஆழ்துளைக் கிணறு மூடப்படாமல் இருந்தால், அதைவிட அவசரமான வேலை பண்ணையில் வேறில்லை. 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே அப்படிப்பட்ட ஒரு குழிக்குள் விழுந்த 2 வயதுக் குழந்தையைப் பல நாள் முயன்றும் உயிருடன் மீட்க முடியவில்லை. உச்ச நீதிமன்றம் 2010-ல் வகுத்த நெறிமுறைகளின்படி, கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றைக் களிமண், மணல், கல், கூழாங்கல் ஆகியவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். பயன்பாட்டில் உள்ள கிணற்றின் குழாய் வாயை இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தோ, மரையாணி முடுக்கிய மூடியாலோ அடைக்க வேண்டும். மோட்டாரைப் பழுது பார்க்க வெளியே எடுத்தாலும், ஒரு மணி நேரங்கூட வாயைத் திறந்து விடலாகாது. சாக்கைச் சுற்றி வைப்பதும் பலகையை மேலே போடுவதும் மூடியாகமாட்டா.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, தோல் உரிந்த மின்கம்பி, மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் செருகி வைத்த பூச்சிமருந்துப் பாட்டில், படி உடைந்த ஏணி ஆகியவையும் இந்த வகையே. மின்கம்பியை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே சரி செய்ய வேண்டும். மீதி மருந்தை அதன் சொந்தப் பாட்டிலிலேயே வைத்துப் பூட்டுங்கள். வேறு பாட்டிலில் ஊற்றி வைப்பது ஆபத்து.

2. நாளுக்கு நாள் நஷ்டம் வளருபவை

இவை சின்ன வேலைகளாகத் தோன்றும். ஆனால் தள்ளத் தள்ளப் பெரிதாகும்.

குழாய் இணைப்பு ஒன்றில் நிமிடத்திற்கு 1 லிட்டர் நீர் ஒழுகுவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 6 மணி நேரம் மோட்டார் ஓடினால் 360 லிட்டர் வீணாகிறது. சொட்டு நீர்ப் பாசனத்தில் கோடையில் ஒரு தென்னைக்கு நாளைக்கு 65 லிட்டர் என்று கொண்டால், இது 5 தென்னைகளுக்கு மேல் பாயக்கூடிய நீர். அதை அடைக்கத் தேவைப்படுவதோ சிறிது பசையும் கால் மணி நேரமும்.

எருவை வண்டியில் கொண்டு வந்து வயலில் சிறுசிறு குவியல்களாகக் கொட்டிவிட்டு, 'உழும்போது இறைக்கலாம்' என்று வாரக்கணக்கில் விட்டுவிடுவது நம் ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. வெயிலில் காயும் எருவிலிருந்து தழைச்சத்து ஆவியாகிப் போகிறது. மழை பெய்தால் சத்து கரைந்து ஓடுகிறது. எரு அடிப்பது, இறைப்பது, உழுது மண்ணில் கலப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே வேலை. மூன்றாவதை அன்றே செய்ய இயலாவிட்டால் முதலாவதைத் தொடங்காமல் இருப்பதே நலம். அதுவரை எரு குழியிலேயே இருக்கட்டும்.

விழுந்த தென்னை மரத்தைத் தோப்பிலேயே போட்டு வைப்பதும் இத்தகையதே. மட்கும் தென்னைத் தண்டிலும் எருக்குழியிலும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுகிறது. 2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் பெருமளவு தென்னைகள் சாய்ந்தன. அத்தகைய காலங்களில் சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்தத் தாமதமானால், தப்பி நிற்கும் மரங்களின் குருத்துக்கும் கேடு வருகிறது. மரத்தைப் பிளந்து விறகாக்கியோ விற்றோ தோப்பைச் சுத்தம் செய்யுங்கள். எருக்குழியில் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தைக் கலந்தால் புழுக்கள் நோயுற்று மடியும்.

அறுவடைக்குப் பின் உள்ள வேலைகளும் இதில் அடங்கும். அறுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பதில்லை. பிடுங்கிய நிலக்கடலையைச் சரிவரக் காய வைக்காமல் குவித்து வைத்தால் பூஞ்சாணம் பிடித்து, அஃப்லாடாக்சின் என்னும் நச்சு உண்டாகிறது. அந்தக் கடலையும் அதன் பிண்ணாக்கும் மனிதருக்கும் மாட்டுக்கும் ஆகா.

3. பட்டம் தவறினால் பயனற்றுப் போகிறவை

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஆகவே நமக்கு ஐப்பசி ஒரு எல்லைக்கோடு. வரத்து வாய்க்கால் தூர் எடுப்பது, வடிகால் வெட்டுவது, வரப்பில் எலி வளையும் நண்டு வளையும் அடைப்பது, கூரை மாற்றுவது, விறகும் வைக்கோலும் நனையாமல் சேர்ப்பது ஆகியவை ஐப்பசிக்கு முன் முடிய வேண்டும். மழை தொடங்கிய பின் செய்தால் பாடு இருமடங்கு, பலன் பாதி.

கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடுவதும் அப்படியே. கோமாரி நோய்க்கு 6 மாதத்திற்கு ஒருமுறை போட வேண்டும். தொண்டை அடைப்பான் நோய்க்கு மழைக்காலத்திற்கு முன்பே போட வேண்டும். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. 2 முதல் 3 வாரங்கள் ஆகும். ஊரில் நோய் வந்தபின் ஓடுவது காலம் கடந்த வேலை.

வயலில் தக்கைப்பூண்டை விதைத்த 45 முதல் 50 நாளில் மடக்கி உழுதுவிட வேண்டும். தள்ளினால் தண்டு நாரேறி மட்கத் தாமதமாகும். நெல் நாற்றுக்கும் வயது உண்டு. குறுகிய கால ரகங்களை 18 முதல் 22 நாளிலும், மத்திய கால ரகங்களை 25 முதல் 30 நாளிலும், நீண்ட கால ரகங்களை 35 முதல் 40 நாளிலும் நட வேண்டும். நடவு வயல் தயாராகாமல் நாற்று முதிர்ந்துவிட்டால் தூர் கட்டுவது குறையும். அப்போது குத்துகளைச் சற்று நெருக்கி நட்டு இழப்பைக் குறைக்கலாமே தவிர, முழுவதும் ஈடு செய்ய முடியாது.

4. காத்திருக்கக் கூடியவை

வேலிக்குக் கம்பி கட்டுவது, களத்திற்குச் சிமெண்டுத் தளம் போடுவது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்றவை தை மாதம் வரை நின்றாலும் பெரும் நஷ்டம் இல்லை. இவற்றைத் தைரியமாகத் தள்ளுங்கள். ஆனால் 'பிறகு' என்று தள்ளாமல், 'தை அறுவடைக்குப் பின்' என்று மாதம் குறித்துத் தள்ளுங்கள். மாதம் குறித்த வேலை மனத்தை அரிப்பதில்லை.

இத்தகைய வேலைகளுக்குச் சாமான்களை முன்கூட்டியே வாங்கி அடுக்க வேண்டாம். 3 மாதம் மூட்டையில் கிடந்த சிமெண்டு தன் வலிமையில் ஏறத்தாழ 20 சதத்தை இழந்துவிடும். கட்டியாகிப்போன சிமெண்டைத் தட்டிப் பொடித்துப் பூசிய தொட்டி ஒழுகத்தான் செய்யும். கொத்தனார் வரும் நாள் உறுதியான பிறகே சிமெண்டு வாங்குங்கள்.

5. கைவிட வேண்டியவை

இந்த வகையை ஏற்கத்தான் மனம் வராது. ஆனால் சில வேலைகளைக் காலம் கடந்து செய்வது, செய்யாமல் விடுவதைவிடக் கேடு.

நிலக்கடலைக்குக் களை வெட்டி, ஜிப்சம் இட்டு மண் அணைப்பதை 40 முதல் 45 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஜிப்சத்தின் அளவு ஏக்கருக்கு 160 கிலோ. 45 நாளுக்குப் பின் விழுதுகள் மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கும். அப்போது கொத்தினால் விழுது அறுந்து காய் குறையும். விட்டுப்போன கொத்தை அத்தோடு விட்டுவிட்டு, உயரமாக வளர்ந்த களைகளை மட்டும் கையால் பிடுங்குங்கள். அதேபோல், நெல்லுக்கு விட்டுப்போன இரண்டு தவணை யூரியாவைச் சேர்த்து ஒரேயடியாக இடக்கூடாது. பயிர் அளவுக்கு மீறிச் செழித்து, இலைச்சுருட்டுப் புழுவையும் புகையானையும் குலைநோயையும் வரவழைக்கும்.

திட்டங்களிலும் கைவிட வேண்டியவை உண்டு. மகன் ஊரில் இருந்தபோது தொடங்கிய கோழிப்பண்ணை, அவன் வெளியூர் வேலைக்குப் போனபின் பாதிச் சுவரோடு நிற்கலாம். குடும்பத்தில் வேலை செய்யும் ஆள் குறைந்தால், வேலையும் குறைந்தாக வேண்டும். வயதான தாய் தந்தையர் பழைய அளவுக்கே பாடுபட்டு எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்வதைவிட, ஒன்றிரண்டை நிறுத்திவிட்டு மீதியை முழுமையாகச் செய்வதே மேல். நிறுத்துவது தோல்வியன்று. நிறுத்திய திட்டத்தின் கல்லையும் மரத்தையும் வேறொரு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் வரும் வேதனையும் அத்துடன் தீரும்.

பெரிய வேலையைக் கட்டம் பிரியுங்கள்

ஒரே மூச்சில் முடிக்க முடியாத வேலையை, எந்தக் கட்டத்தில் நின்றாலும் பயன் தரும்படி பிரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாடுகளுக்கு ஒரு கொட்டகை கட்டுவதாகக் கொள்வோம். மாடு ஒன்றுக்குக் கூரையடியில் 3.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 38 சதுர அடி இடம் வேண்டும். முதல் கட்டத்தில் தூண் நட்டுக் கூரை போடுங்கள். அந்த மழைக்கே மாடுகள் நனையாமல் நிற்கும். அடுத்த கட்டத்தில் தளம் போடுங்கள். 40 அடி நீளத்திற்கு 1 அடி என்ற கணக்கில் சரிவு கொடுத்தால், மூத்திரம் வடிந்து எருக்குழிக்குச் சேரும். மூன்றாவதாகத் தீவனத் தொட்டி கட்டலாம். கூரைக்கு முன்பே நாலு புறமும் சுவர் எழுப்பிப் பணம் தீர்ந்து நின்றால், ஓர் ஆண்டுக்கு எந்தப் பயனும் இராது. கையில் உள்ள பணம் முதல் கட்டத்தை முழுவதும் முடிக்கப் போதுமா என்று பார்த்தே தொடங்குங்கள்.

பண்ணைக் குட்டையைப் பாதி தோண்டி நிறுத்த நேர்ந்தால், செங்குத்தான ஓரங்களை அப்படியே விடாதீர்கள். சரிவாக வெட்டி, சுற்றிலும் முள் அடைத்து, நீர் வரும் வழியையும் வழியும் வழியையும் அமைத்துவிடுங்கள். பாதிக் குட்டையும் அந்த மழையில் கொஞ்சம் நீர் தாங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

3 ஏக்கர் உள்ள ஒரு குடும்பம். ஒன்றரை ஏக்கர் சம்பா நெல்லுக்கான வயல். ஒரு ஏக்கர் ஆடிப்பட்ட நிலக்கடலை. அரை ஏக்கரில் 35 தென்னை. 2 கறவை மாடுகள். புரட்டாசி முதல் வாரத்தில் தேங்கியிருக்கும் வேலைகள் 9 என்று வைத்துக்கொள்வோம். அவற்றை இப்படி வரிசைப்படுத்தலாம்.

முதல் நாள்: பழைய ஆழ்துளைக் கிணற்றை நிரப்பி மூடுவது, தோல் உரிந்த மோட்டார் கம்பியை மாற்ற மின்பணியாளரை அழைப்பது. கம்பி மாறும்வரை மோட்டாரைப் போடலாகாது.

முதல் வாரம்: 45 நாளைத் தாண்டிய தக்கைப்பூண்டை மடக்கி உழுவது, கால்நடை மருந்தகத்தில் கேட்டு மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவது.

இரண்டாம் வாரம்: நடவுக்கு முன் வரப்பைச் செதுக்கிச் சிறுத்து, எலி வளைகளை வெட்டி அடைப்பது, வாய்க்கால் தூர் எடுப்பது. இதற்குப் பக்கத்து நிலத்தாருடன் ஆள் மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாம் வாரம்: கொட்டகைக் கூரையைச் சரி செய்வது, விழுந்து கிடக்கும் இரண்டு தென்னை மரங்களை அப்புறப்படுத்துவது. மரம் விற்ற பணம் கூரைச் செலவுக்கு உதவும்.

தை மாதத்திற்கு: வேலி.

கைவிட்டது: நிலக்கடலையில் விட்டுப்போன இரண்டாம் களைக் கொத்து இந்த 9-இல் சேராது, அதை ஏட்டிலிருந்தே அடித்துவிட வேண்டும்.

ஐப்பசி பிறக்குமுன் 9 வேலைகளில் 8 முடிந்துவிடும். ஆளோ பணமோ புதிதாகக் கூடிவிடவில்லை, வரிசைதான் மாறியிருக்கிறது.

மீண்டும் தேங்காமலிருக்க

1. ஒரு வேலையை முடித்து, கருவிகளைக் கழுவி இடத்தில் வைத்த பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள். மண்வெட்டியைத் தேடும் நேரமும் வேலை நேரமே.

2. கால் மணி நேரத்தில் முடியக்கூடியதைக் கண்டவுடன் செய்துவிடுங்கள். ஏட்டில் எழுத வேண்டாம்.

3. வாரத்தில் ஒரு அரை நாளைப் பழைய வேலைகளுக்கென்றே ஒதுக்குங்கள். அன்று புதிய வேலை எதையும் தொடங்கலாகாது.

4. மழை பெய்து வயலில் இறங்க முடியாத நாளுக்கென்று கூரையடி வேலைகளை ஒதுக்கி வையுங்கள். கயிறு திரிப்பது, சாக்குத் தைப்பது, கைப்பிடி மாட்டுவது, விதை பொறுக்குவது ஆகியவை இதற்கு ஏற்றவை.

5. அறுவடை முடிந்து பணம் கையில் வந்ததும், புதிய திட்டத்தைத் தொடங்குமுன் நின்றுபோன ஒரு திட்டத்தின் அடுத்த கட்டத்திற்கு ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.

6. முடிந்த வேலையை ஏட்டில் அடித்துவிட்டுத் தேதி எழுதுங்கள். ஆண்டு முடிவில் புரட்டிப் பார்த்தால், நின்றவை மட்டுமே கண்ணில் படும் வழக்கம் மாறி, எவ்வளவு முடித்திருக்கிறோம் என்பதும் தெரியும்.

உழவர் பெருமக்களே! எல்லா வேலையும் முடிந்த பண்ணை எங்கும் இல்லை. உயிருக்கும் பயிருக்கும் கேடு செய்யும் வேலைகள் நிற்காத பண்ணையே நல்ல பண்ணை. இந்த வாரத்திலேயே ஒரு நாள் காலையில் குடும்பத்தாருடன் நிலத்தைச் சுற்றி வந்து கணக்கெடுங்கள். திறந்து கிடக்கும் கிணறோ குழியோ கண்ணில் பட்டால், கணக்கை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு முதலில் அதை மூடுங்கள். மற்றவற்றை அடுத்த நாள் எழுதிக்கொள்ளலாம்.